ஓரிரவுக்கு இருபத்தெட்டு யூரோ

கட்டுநாயக்கா ஹயருக்கு ஓடுகிற என் ஹையேசில்
பின் சீற் இரண்டு வரிசையையும் கழற்றி
கோண்டாவில் கராஜில் போட்டுவிட்டு வந்தேன்.
அந்த இடத்தில் மெத்தை, காஸ் குக்கர்,
இருபது லீற்றர் தண்ணிக் கான்,
ஜன்னலுக்குப் பிரமிளா அக்கா தைத்த
பூப்போட்ட திரை.
"இனி இது வானில்லைத் தம்பி, வீடு" என்றார்
பேர்ணிலிருந்து வந்த வரோதயன் அண்ணை.
வீட்டுக்கு டீசல் யார் அடிக்கிறது என்று
முதலே பேசியிருந்ததால்
நானும் தலையாட்டினேன்.

போன வருசம் இரண்டு பேரும்
இருபத்தாறு நாள் இப்படித்தான் திரிந்தவையாம்.
ஒஸ்ரியா, ஸ்லோவேனியா, குரோசியக் கடற்கரை.
பொன்னாலைப் பாலத்தில்
இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளித் தகடாய்க் கிடக்க
அவர் சொல்லிக்கொண்டு வந்தார்:

"ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு காம்ப்.
வாசலில பேர் பதியவேணும்.
ஒரு நம்பர் தருவினம்,
அந்த நம்பரிலதான் நிக்கலாம்.
தண்ணிக்குப் பொதுக் குழாய்.
குளிக்கிறதெண்டால் வரிசை.
பத்து மணிக்குப் பிறகு சத்தம் போடேலாது,
கேற்றைப் பூட்டிப்போடுவாங்கள்."

முன்னால் ஒரு மாடும் இல்லை,
பிரேக்கில் கால் வைத்தேன்.

"எத்தினை மாதம் வச்சிருந்தவங்கள்?"
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"மாதமோ? ஒரு இரவுதானடா.
இருபத்தெட்டு யூரோ.
ஏரிப்பக்கம் எண்டால் முப்பத்தஞ்சு."

எனக்குப் பதினொரு மாதம்.
செட்டிகுளம்.
ஒரு சதம் வாங்கவில்லை.

சொல்லவில்லை.
கசோரினாவில் ஆறு மணிக்குமேல்
வாகனம் நிற்கக் கூடாதென்றான் காவலாளி.
அங்கிருந்து குடாநாட்டை ஊடறுத்து
மணற்காடு போய்ச் சேர எட்டரை.
பாதி மண்ணில் மூழ்கிய பழைய கோயில் சுவரருகே
பின் சில்லும் மூழ்கியது.
வலை இழுக்கப் போனவர்கள் ஏழு பேர்
தள்ளிக் கரையேற்றி
இரண்டு விளைமீனும் தந்து
"ஏன், வீட்டில சண்டையோ?" என்று
என்னிடம் மட்டும் கேட்டார்கள்.

குழம்பு கொதிக்கும்போது டோர்ச் வெளிச்சம் வந்தது.
சீருடையில் இரண்டு பேர்.
விடுமுறைக்குச் சிங்களத்தில் நிவாடு என்பது
எனக்குத் தெரிந்திருந்தது.
வானுக்குள் படுப்பது நிவாடுவா என்பதில்தான்
அவனுக்குச் சந்தேகம்.
"வீடு இல்லையா?"
"இருக்கு. கொக்குவிலில, மேல்மாடியோட."
"அப்ப ஏன்?"
மூன்று பேரும் வரோதயன் அண்ணையைப் பார்த்தோம்.
அவர் சுவிஸ் பாஸ்போட்டை நீட்டியபடி
வானத்தைக் காட்டினார்.
நட்சத்திரம் நிறையத்தான் இருந்தது.
சின்னவன் அண்ணாந்து பார்த்தான்,
பெரியவன் வான் நம்பரை எழுதிக்கொண்டான்.

பத்து மணிக்குப் பிறகு
இரண்டு பேரும் குசுகுசுத்தே கதைத்தார்கள்.
அந்த மணற்பரப்பில்
அவர்களை அதட்ட ஒரு நாய்கூட இல்லை.
கேற்றும் இல்லை.
நான் வெளியே படங்கை விரித்துப் படுத்தேன்.
நித்திரை வரவில்லை என்று சொல்ல மாட்டேன்,
வந்தது.
இரண்டு தரம் எழும்பி
பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்தேன்,
அவ்வளவுதான்.

விடிய ஐந்தரைக்குத் தர்மினியின் கோல்.
"எங்க நிக்கிறியள்?"

அக்கா கேத்திலில் தண்ணீர் ஊற்றும் சத்தத்தில்
யோசிக்காமல் சொன்னேன்:
"காம்பில."

கடல் இரண்டு தரம் வந்து போனது.
"எந்தக் காம்பில?"
அவள் குரல் பதினெட்டு வயசுக்குப் போயிருந்தது.

"இல்லையப்பா, மணற்காட்டில. சும்மா.
காசு குடுத்து நிக்கிறவை."

பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு சொன்னாள்,
திரும்பி வரேக்க சீற்றை ஏத்த மறக்காதேங்கோ,
வெள்ளிக்கிழமை சங்கானையில கலியாண ஹயர்,
பதினாலு பேர்.